மூன்று ஊருள்ள தீவில் எங்கே தங்குவது

ஏப்ரல் பிறந்ததும் என் சிஞ்ஞோரா ஊர் பொறுக்கத் தொடங்கிவிடுவார். சிஞ்ஞோரா என்றால் நான் வேலை செய்யும் வீட்டு அம்மையார். இத்தாலியில், பலெர்மோ நகரத்துக்கு வந்த எங்கள் ஆட்களில் அநேகம் பேருக்கு ஆளுக்கொரு சிஞ்ஞோரா உண்டு. இங்கே அது ஒரு உறவுமுறை மாதிரி. சாப்பாட்டு மேசையில் தடித்த பயணப் புத்தகத்தை விரித்து, மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, ஏதாவதொரு கிரேக்கத் தீவின் வரைபடத்தில் விரலை ஓட்டுவார். “இந்த ஊரில் தங்கலாமா, அந்த ஊரில் தங்கலாமா? சவேரியோ, நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்பார். என் பெயர் சவரிமுத்து. இத்தாலிக்குள் நுழைந்த முதல் வாரமே அதன் வாலை வெட்டிச் சவேரியோ ஆக்கிவிட்டார்கள். நான் தூசித் துணியோடு நின்று, “சிஞ்ஞோரா எதைச் சொல்கிறீர்களோ அதுதான் நல்ல ஊர்” என்பேன். எட்டு வருடமாக இதே பதில். எட்டு வருடமாக அவரும் என்னை நல்ல ரசனையுள்ளவன் என்று நம்பி வந்திருக்கிறார்.

உண்மையில் எனக்கு அந்தக் கேள்வியே விளங்குவதில்லை. பல்லாறோ சந்தையில் தக்காளியை அமுக்கிப் பார்த்து எடுப்பதுபோல ஒரு மனிதப் பிறவி ஊரை எடுக்கலாமோ? எங்கள் பக்கத்தில் ஒருவரைச் சந்தித்தால் முதலில் வருவது “தம்பி எவடம்?” என்ற கேள்வி. ஊரைச் சொன்னால் அடுத்தது “ஆற்றை மகன்?”, அதாவது யாருடைய மகன். மூன்றாவது கேள்விக்குள் உன் தகப்பன் யாரோடு கோபம் என்பது வரைக்கும் அவருக்குத் தெரிந்துவிடும். ஊர் என்பது மூக்கு மாதிரி. பிறக்கும்போது முகத்தில் ஒட்டிக்கொண்டு வருவது. பிடிக்கவில்லை என்றாலும் சளி வந்தால் அதைத்தான் சிந்தவேண்டும். நானோ யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் தீவொன்றைச் சேர்ந்தவன். பட்டணத்தார் எங்களைத் ‘தீவார்’ என்று கொஞ்சம் இழுத்துச் சொல்வார்கள். என் மனைவி ஜெசிந்தா பட்டணத்துக்காரி. அவளும் அப்படித்தான் சொல்வாள், அதுவும் சாப்பாடு போடும்போது.

ஆனால் நூற்றாண்டு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிற இந்த வசந்தத்தில் அந்தப் புத்தகத்தை இரவல் கேட்டது நான். சிஞ்ஞோராவுக்குக் கண் கலங்கிவிட்டது. “கடைசியில் நீயும் விடுமுறை எடுக்கிறாய்!” என்று என் இரண்டு கன்னங்களையும் பிடித்தார். நான் தீவின் பெயரைச் சொன்னேன். உங்களுக்குச் சொல்லமாட்டேன், குறை நினைக்காதீர்கள். அங்கே இருக்கும் ஒருவருக்கு இன்னும் வதிவிட அட்டை கிடைக்கவில்லை. சிறிய தீவு, மூன்றே மூன்று ஊர். கப்பல் வந்து சேரும் துறைமுக ஊர். அதற்கு மேலே குன்றின் உச்சியில், வெள்ளையடித்து, தட்டில் அடுக்கிய மாவுருண்டைகள்போல இருக்கும் மலை ஊர். குன்றுக்கு அந்தப் பக்கம், பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போகும் வடக்கு ஊர்.

“மலை ஊர்தான்,” என்றார் சிஞ்ஞோரா உடனேயே. “நான் தங்கியிருக்கிறேன். காலையில் யன்னலைத் திறந்தால் கடல் முழுவதும் உன் காலடியில்.”

“தண்ணீர் எப்படி, சிஞ்ஞோரா?”

“ஆகா! கண்ணாடி. அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம்.”

நான் கிணற்றுத் தண்ணீரைக் கேட்டேன். அவர் கடலைச் சொன்னார். திருத்தவில்லை. சிறு தீவில் பிறந்தவனுக்கு ஊர் என்றால் முதலில் தண்ணீர்தான். எங்கள் தீவில் நாலு கிணறு வெட்டினால் மூன்று உவர்க்கும். ஜெசிந்தாவை எனக்குப் பேசிவந்தபோது அவளுடைய தாய்மாமன் என் படிப்பைக் கேட்கவில்லை (கேட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்). நேரே கிணற்றடிக்குப் போய், வாளியில் இருந்த தண்ணீரை ஒரு மிடறு குடித்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். கலியாணமாகி இரண்டாம் நாள்தான் ஜெசிந்தாவுக்கு விசயம் தெரிந்தது. அன்று வாளியில் இருந்தது மாதா கோயில் கிணற்றுத் தண்ணீர். விடிய எழும்பி நான்தான் சுமந்து வந்து வைத்தேன். இப்போது பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடிக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வருகிறது. வராத நாட்களில் நான் பிளாஸ்டிக் கலன்களோடு படியேறும்போது, மேலே கதவடியில் நின்று அவள் கேட்பாள்: “உது எந்தக் கோயில் தண்ணி?”

புத்தகத்தை இரவல் கேட்ட காரணத்துக்கு வருகிறேன். அந்தத் தீவில் என் தம்பி அன்ரன் இருக்கிறான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒன்பது வருடம். கொழும்பில் இருக்கும் அம்மா ஒவ்வொரு கடிதத்திலும், “தம்பியைப் போய்ப் பார்த்தனியோ?” என்று எழுதுகிறார். பலெர்மோவுக்கும் கிரேக்கத்துக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான் இருக்கிறது என்பது அவருடைய எண்ணம். என்னிடம் பெர்மெஸ்ஸோ என்ற இத்தாலி வதிவிட அனுமதி இருக்கிறது, போகலாம். அவனிடம் ஒரு கடதாசியும் இல்லை, வரமுடியாது. இப்போது அங்கே கடதாசி இல்லாதவர்களுக்கு அட்டை கொடுக்கப்போகிறார்களாம், அவனும் விண்ணப்பித்திருக்கிறான். கிடைத்த பிறகு போகலாம் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடமாக ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்று கிடைத்த பிறகு போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆள் நான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் புறப்பட்டவர்கள். கிரேக்கத்தில் பத்ராஸ் என்ற துறைமுகப் பட்டினத்தில் ஒரு சாமான் கிடங்குக்குள் ஏழு பேர் கிடந்தோம். பதினோராம் நாள், எங்களைக் களவாகக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் வந்து, இத்தாலிக்குப் போகும் லொறியில் ஓர் இடம் இருக்கிறது என்றான். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு பாசையும் தெரியாது, வழியில் மறித்தால் இங்கிலிசு கதைக்கக்கூடிய ஆள் வேண்டும், “ஆருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கோ” என்றான். அன்ரன் ரியூசனில் இங்கிலிசு படிப்பித்தவன். எனக்குத் தெரிந்தது ‘யேஸ்’, ‘நோ’, ‘தாங்க்யூ’. அவனுடைய கை முழங்கை மட்டத்துக்கு வந்தது. அதற்குள் என் கை முகட்டைத் தொட்டுவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு தன் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான். வாயைத் திறந்து, இவருக்கு இங்கிலிசு தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையை அவன்தான் எழுதியிருப்பான், நல்ல தமிழில். அடுத்த கிழமை இரண்டாவது லொறி வரும் என்றான் ஏஜென்சிக்காரன். வரவில்லை. எங்கள் லொறியை வழியில் ஒருவரும் மறிக்கவுமில்லை, இங்கிலிசும் கேட்கவில்லை. உள்ளே முழுக்க வெங்காயம். கப்பல் கரை சேரும்வரைக்கும் அழுதேன். கேட்டவர்களுக்கு வெங்காயம் என்றேன்.

நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் அவனோடு தொலைபேசியில் கதைப்பேன். அவனுடைய வடக்கு ஊரில் தொலைபேசி இருப்பது கோப்பிக்கடையில். கடைக்காரர் எடுப்பார். நான் “பலெர்மோ!” என்று கத்துவேன். அவர், “அ, பலெர்மோ!” என்று சந்தோசமாகத் திருப்பிக் கத்திவிட்டு, ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு ஆளனுப்புவார். ஆட்டுப்பட்டியிலிருந்து தம்பி வந்து சேரும்வரை நான் கிரேக்கர் தாயம் உருட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒன்பது வருடத்தில் அந்தக் கடையில் யார் வெல்கிறார், யார் சண்டைக்காரர் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பத்ராஸ் கிடங்கைப்பற்றி மட்டும் நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

இந்த முறை விசா விண்ணப்பத்தை நிரப்பவேண்டியிருந்தது. பெயர், பிறந்த இடம், தொழில் எல்லாம் எழுதியாயிற்று. ‘கிரேக்கத்தில் தங்கும் முகவரி’ என்ற கோட்டில் பேனை நின்றது. ஞாயிறு பூசை முடிந்து, ஜெசிந்தாவோடு தொலைபேசிக் கூண்டுக்குள் நெருக்கியடித்து நின்று தம்பியைக் கூப்பிட்டேன்.

“அண்ணை, நீங்கள் துறைமுகத்திலை நில்லுங்கோ,” என்றான் அவன். “அங்கை வடிவான அறையள் இருக்கு. நான் ஒவ்வொரு நாளும் வந்து பாக்கிறன்.”

“ஏன்ரா, உன்ரை இடத்திலை நிக்க ஏலாதோ?”

“எங்கடை ஊர் சரிவராது அண்ணை. தண்ணி உவர். அண்ணி குளிக்கமாட்டா.”

கூண்டை விட்டு வெளியே வரும்போதே ஜெசிந்தா தொடங்கிவிட்டாள். “கூடப்பிறந்த தம்பி இருக்கிற ஊரிலை, தமையனையும் மனிசியையும் லொட்ஜிலை நில்லுங்கோ எண்டு சொல்லுறானே! இதைக் கேட்டால் மாமி என்ன நினைப்பா? அங்கை ஏதோ ஒண்டு இருக்கு. ஒரு வெள்ளைக்காரியை முடிச்சிட்டான் போலை.”

“முடிச்சால் நல்லதுதானே. உனக்கு ஓரகத்தி.”

“பகிடி விடாதையுங்கோ. ஒன்பது வருஷமாப் போகாமல் இருந்திட்டு இப்ப போறம். அவனுக்கு மனம் இல்லை எண்டு தெரியுது.”

எனக்கும் அதுதான் பயம். பகிடி பயத்துக்குப் போடுகிற உடுப்பு. எனக்கு அது அளவாக இருக்கும்.

அன்று பின்னேரம் புத்தகத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு வடக்கு ஊரைப்பற்றி எழுதியிருந்ததைச் சொல் சொல்லாக வாசித்தேன். பார்க்க ஒன்றுமில்லை, கடற்கரை கல்லு, நல்ல சாப்பாட்டுக்கடை கிடையாது. கடைசி வரியில் இப்படி இருந்தது: தீவின் ஒரே ஊற்று இந்த ஊரில்தான். கோடையில் மற்ற இரண்டு ஊர்க்காரரும் கலன்களோடு இங்கேதான் வருகிறார்கள். பக்கத்தில் படம்கூட. ஒரு மரம், கல்லில் செதுக்கிய சிங்கவாய், அதிலிருந்து கைத்தடிப்பில் கொட்டும் தண்ணீர்.

புத்தகத்தை மூடினேன். அன்ரன் பொய் சொன்னது எனக்குப் பிரச்சினையில்லை. குடும்பத்தில் அந்தத் தொழிலுக்கு நான்தான் மூத்த ஆசான். ஆனால் என்ன பொய் என்று பாருங்கள். எங்கள் குறிச்சியில் ஒருவரைப் பார்த்து ‘என் வீட்டுக்கு வராதே’ என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டோம். ‘எங்கடை கிணறு உவர்த்துப்போச்சு’ என்று சொல்லி அனுப்புவோம். என் அப்பாவோடு அவருடைய தங்கை கோபமாயிருந்த வருடங்களில் அவவுடைய கிணறு உவர்த்தே கிடந்தது. சமாதானமான அன்றே இனித்துவிட்டது. உலகத்தின் அந்த மூலையில் ஆட்டுப்பட்டியில் நின்றுகொண்டு, எனக்கும் அவனுக்கும் மட்டும் விளங்குகிற மரியாதையில் தம்பி எனக்குக் கதவைச் சாத்தியிருந்தான்.

விண்ணப்பம் ஒரு கிழமை மேசையில் கிடந்தது. சிஞ்ஞோரா தினமும், “முடிவு செய்துவிட்டாயா? மலை ஊர்தானே?” என்று கேட்டார். ஒரு தடவை, “என் தம்பி அந்தத் தீவில் இருக்கிறான்” என்றேன். அவர் கைதட்டினார். “அப்படியென்றால் இலவசத் தங்குமிடம்! நீ கெட்டிக்காரன், சவேரியோ.” இவ்வளவு வருடத்தில் நான் அந்த வீட்டில் உடைத்தது ஒரே ஒரு கோப்பை. அன்று காலையில்தான் அதை உடைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஜெசிந்தாவைக் கூட்டிப்போகாமல் தனியாகப் போய்க் கூப்பிட்டேன். பலெர்மோ என்று கத்தினேன், பலெர்மோ என்று கத்தினார், தாயம் உருண்டது, தம்பி வந்தான்.

“அன்ரன், உங்கடை ஊரிலை ஊத்து இருக்காமே. சிங்கத்தின்ரை வாய்க்குள்ளாலை வருதாம்.”

தாயம் இன்னொரு தடவை உருண்டது. பிறகு, “ஆர் சொன்னது?”

“இத்தாலிப் புத்தகத்திலை படத்தோடை கிடக்கு. நேரை சொல்லு. என்னை வரவேண்டாம் எண்டுறியோ?”

“வரவேண்டாம் எண்டு சொல்லேல்லை அண்ணை. துறைமுகத்துக்கு வாங்கோ எண்டுதானே சொன்னனான்.”

“ஏன் உன்ரை ஊருக்கு வரக்கூடாது?”

“அண்ணை, நீங்கள் இஞ்சை செத்துப்போட்டியள்.”

இப்படி ஒரு செய்தியை நேரடியாகக் கேட்கும் பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்காது. நான் கேட்ட முதல் கேள்வி, “எப்ப?”

“நான் இஞ்சை வந்த வருஷம்.”

“எப்பிடி?”

“கடலிலை. பத்ராசிலை இருந்து போகேக்கை.”

“எனக்கு நீந்தத் தெரியும் எண்டு சொல்லேல்லையோ?”

“சொன்னனான். நல்லா நீந்துவார், அலைதான் பெரிசு எண்டு.” அவன் குரலில் சிரிப்பு வந்ததா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

மிச்சத்தை அவன் மெல்ல மெல்லச் சொன்னான். தீவுக்கு வந்த புதிதில், சுண்ணாம்பு அடிக்கிற வேலைக்காக அந்த ஊருக்குப் போயிருக்கிறான். அங்கேயும் எங்கள் ஊரைப்போலத்தானாம். புது முகத்தைக் கண்டால் ‘நீ ஆற்றை ஆள்?’ என்றுதான் கேட்பார்களாம். வாசிலிகி என்ற விதவை கேட்டாள். அவளிடம் ஆடுகளும் வெறுமையான ஒரு பின்னறையும் இருந்தன. அண்ணன் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. செத்துப்போனார் என்று சொன்னான். அவள் அழுது, சிலுவை போட்டு, சாப்பாடு கொடுத்து, பின்னறையைத் திறந்துவிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் இறந்தவர்களின் சனிக்கிழமையில் தன் புருசனின் பெயரோடு என் பெயரையும் பட்டியலில் எழுதிக் குருவானவரிடம் கொடுக்கிறாள். கோயிலில் வாசிக்கிறார்கள். தொலைபேசியில் கத்தும் பலெர்மோ யார் என்று கேட்டவர்களுக்கு, பெரியம்மாவின் மகன் என்று சொல்லிவைத்திருக்கிறான். இப்போது தம்பியின் அட்டைக்கு, தன்னிடம் வேலை செய்கிறான் என்று கையெழுத்து வைக்க வேண்டியவளும் அவள்தான்.

“கோவத்திலையோ அப்பிடிச் சொன்னனீ?” என்று கேட்டேன்.

“முதல் வருஷம் கோவம்,” என்றான் அன்ரன். “பிறகு பழகிப்போச்சு.”

வீட்டுக்கு வந்து ஜெசிந்தாவிடம் சொன்னேன். சிலுவை போட்டாள். “அப்ப அங்கை நான் விதவை,” என்றாள். ஒரு நிமிடம் போக, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். “இஞ்சேருங்கோ, ஒண்டு சொல்லட்டோ. செத்த அண்ணை அவனுக்குச் சோறும் அறையும் வாங்கிக் குடுத்திருக்கிறார். உயிரோடை இருந்த அண்ணை என்ன குடுத்தவர்? வருஷத்துக்கு ரெண்டு ரெலிபோன். பேசாமல் செத்தே இருங்கோ.”

இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? நான் வடக்கு ஊருக்குள் காலடி வைத்தால், தனக்கென்று இருக்கிற ஒரே ஊரில் என் தம்பி பொய்யன் ஆகிவிடுவான். கோட்டில் துறைமுக ஊரின் பெயரை எழுதி, அறை வாடகைக்கு விடும் ஒரு வீட்டு விலாசத்தையும் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் ஆற அமர யோசித்துத் தெரிவு செய்த முதல் ஊர் அது. சிஞ்ஞோராவுக்கு ஏமாற்றம். “துறைமுகமா? அங்கே காட்சி ஒன்றுமே இல்லையே, சவேரியோ!” என்றார். எட்டு வருட மரியாதை ஒரே நாளில் போயிற்று.

யூன் மாதம் புறப்பட்டோம். பஸ், பிறகு பிரிந்திசியிலிருந்து கப்பல். விடிய பத்ராசில் இறங்கி, லொறிகள் வரிசையாக நிற்கும் பக்கம் பார்க்காமல் நடந்தேன். ஜெசிந்தா பார்த்தாள். அங்கிருந்து பிரேயஸ், அங்கிருந்து சின்னக் கப்பல். வியாழக்கிழமை பின்னேரம் தீவின் இறங்குதுறையில் ஒரு நரைத்த மனிதன் நின்றான். என் கண் அவனைத் தாண்டிப் போய், கூட்டத்துக்குள் இருபத்துநாலு வயதுப் பொடியன் ஒருவனைத் தேடியது. நரைத்த மனிதன் வந்து என் பெட்டியை வாங்கினான். “கொழுத்திட்டியள் அண்ணை” என்றான். கட்டிப்பிடிக்க எங்களுக்குப் பழக்கமில்லை. இரண்டு பேருமாக ஒரு பெட்டியின் ஒரே பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். தூக்க அவ்வளவு பாரம் இல்லை.

அன்றும் வெள்ளியும் அவன் ஆட்டில் பால் கறந்து முடித்து மத்தியான பஸ்சில் வந்தான். ஊர்க் கதை, அம்மாவின் முழங்கால், ஆடுகளின் குணம் எல்லாம் கதைத்தோம். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கடையில் எனக்குத் துணிவு வந்தது. “தம்பி, அந்தப் பத்ராசிலை நான்…” என்று தொடங்கினேன்.

“மீன் ஆறுது அண்ணை. சாப்பிடுங்கோ.”

சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மத்தியான பஸ்சிலிருந்து அன்ரனோடு ஒரு பெண்ணும் இறங்கினாள். கறுப்புச் சட்டை, கறுப்புத் தலைத்துணி, கையில் வெள்ளைத் துணி மூடிய கிண்ணம். அறுபது வயது மதிக்கலாம்; ஆட்டை ஒரு கையால் பிடித்து நிறுத்தக்கூடிய தோள். அன்ரனின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல இருந்தது. “வாசிலிகி அம்மா,” என்றான் என்னிடம். “பலெர்மோ சொந்தக்காரரைப் பாக்கவேணும் எண்டு வந்திட்டா. மறிக்க ஏலாமல் போச்சு.”

அவள் கிண்ணத்தை அவனிடம் கொடுத்துவிட்டு, என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறகு அன்ரனைப் பார்த்தாள். திரும்பவும் என்னை. எங்கள் இருவருக்கும் அப்பாவின் மூக்கு. பெரியம்மாவின் மகனுக்கு அந்த மூக்கு எப்படி வந்தது என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “பலெர்மோ!” என்று சொல்லி என் கன்னத்தில் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே.

அன்றுதான் இறந்தவர்களின் சனிக்கிழமையாம். காலையில் கோயிலில் பெயர்கள் வாசித்து முடிந்தபின், அவித்த கோதுமையைச் சீனியும் மாதுளை முத்தும் வாதுமைப் பருப்பும் போட்டுக் குழைத்து எல்லாருக்கும் கொடுப்பார்கள். மீதியை இந்த ஊராருக்கும் கொடுக்கக் கொண்டுவந்திருந்தாள். பலெர்மோவில் நவம்பரில் இறந்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குச் சீனிப் பொம்மை வைத்துவிட்டுப் போவார்கள் என்பது நம்பிக்கை. இங்கே உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களுக்காகத் தின்னவேண்டும். இறந்தவனே வந்து தின்பதற்கு எந்த நாட்டிலும் முறை எழுதியிருக்க மாட்டார்கள். எனக்கும் ஜெசிந்தாவுக்கும் ஒவ்வொரு கரண்டி கடதாசியில் வைத்துத் தந்தாள். ஏதோ சொன்னாள்.

“அண்ணையின்ரை ஆத்துமாவுக்காம்,” என்றான் அன்ரன் தரையைப் பார்த்துக்கொண்டு. “வாங்கினால் ஒரு வார்த்தை சொல்லவேணும். கடவுள் அவரை மன்னிக்கட்டும் எண்டு. அதுதான் முறை.”

ஜெசிந்தா தமிழில் சொன்னாள், தெளிவாக, என்னைப் பார்த்து: “கடவுள் அவரை மன்னிக்கட்டும்.” அவள் அந்தக் கோயில் கிணற்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கவேண்டும். எனக்கு வாய்க்குள் கோதுமை. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எப்படியோ சொன்னேன். என்னை மன்னிக்கும்படி கடவுளிடம் நானே, மூன்றாம் ஆளைப்பற்றிக் கதைப்பதுபோலக் கேட்டேன்.

வாசிலிகி அன்ரனிடம் ஒரு கரண்டி நீட்டினாள். காலையிலேயே கோயிலில் தின்றிருப்பான், அங்கேயே சொல்லியுமிருப்பான். இருந்தாலும் வாங்கினான். கொஞ்சம் மென்றான். பிறகு தலையை நிமிர்த்தி என் கண்ணைப் பார்த்தான். ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல்தடவையாக. அந்த வசனத்தைக் கிரேக்கத்தில் சொன்னான். பிறகு, ஒருவரும் கேட்காமலே, தமிழிலும் சொன்னான்.

“கடவுள் அவரை மன்னிக்கட்டும்.” கொஞ்சம் நிறுத்தி, “நான் எப்பவோ…” என்றான். மிச்சத்தைச் சொல்லாமல் கடதாசியை மடித்தான்.

“சீனி கூடிப்போச்சு,” என்றேன் நான். வேறு எதையாவது சொல்லியிருந்தால் அந்த இறங்குதுறையில் மானம் போயிருக்கும்.

“வருஷா வருஷம் கூடத்தான் போடுறவ,” என்றான் அன்ரன். “நீங்கள் இனிப்பு விரும்பிச் சாப்பிடுவியள் எண்டு நான்தான் சொன்னனான்.”

நாலு மணி பஸ்சில் அவர்கள் இரண்டு பேரும் ஏறினார்கள். வாசிலிகி யன்னலோரம் இருந்தாள், வெறுங்கிண்ணம் மடியில். பஸ் குன்றைச் சுற்றி ஏறி மறைந்தது.

புதன்கிழமை நாங்கள் திரும்பினோம். கப்பல் தீவைச் சுற்றி வடக்குப் பக்கமாகப் போனபோது, மலைக்குப் பின்னால் இருந்து கொஞ்ச வீடுகள் வெளியே வந்தன. ஒரு சின்னக் கோயில், ஒரு பெரிய மரம், வெள்ளையாகப் பத்துப் பதினைந்து சுவர்கள். அதில் சிலவற்றுக்குச் சுண்ணாம்பு அடித்தவன் என் தம்பி. சொந்தத் தீவில் என் வீட்டுக்குள் இப்போது யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. பலெர்மோவில் என் பெயரைக் கடதாசியில் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். நான் ஒருநாளும் கால் வைக்காத அந்த ஊரிலோ, ஒருவரும் கேட்காமலே வருடா வருடம் என் பெயரை வாசிக்கிறார்கள். அங்கே தண்ணீர் இனிக்குமாம்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அலை மேல்தட்டுக்கு அடிக்கத் தொடங்கியது. ஜெசிந்தா வந்து என் தோளில் தட்டினாள்.

“செத்த ஆள் மாதிரி நிக்காதையுங்கோ,” என்றாள். “பெட்டி நனையுது. தூக்குங்கோ.”